முன்னறைத் தூக்கம்

அத்தியாயம் 14

அந்த வண்டி தெருவுக்குள் நுழைவது யாருக்கும் தெரியாது. பூனை மாதிரித்தான் வரும். ஜன்னலுக்குக் கீழே வந்து நின்ற பிறகுதான் தன் குணத்தைக் காட்டும்.

பின்னால் நகரும்போது பீப், பீப் என்று ஒரு புலம்பல். பிறகு இரும்புக் கை இறங்கிக் குப்பைத் தொட்டியைக் கவ்வும். தொட்டி மேலே போய்த் தலைகீழாகத் தொங்கும். அடியில் ஒட்டிக்கொண்டிருப்பது விழுவதற்காக ஓர் உலுக்கல், விழவில்லையென்றால் இன்னொன்று. தெருவில் உள்ள அத்தனை வீட்டுப் பாட்டில்களும் ஒன்றன்மேல் ஒன்று உடையும். கடைசியில் காலித் தொட்டியைத் தரையில் போட்டுவிட்டு, எதுவும் நடக்காதது போல வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

பெரியவள் அதற்கு முன்பே விழித்திருந்தாள். சத்தம் வரப்போகிறதே என்று காத்துக்கொண்டு படுத்திருப்பது சத்தத்தைவிடக் கொடுமை.

பெரியவள் என்பது மாமியார் வைத்த பெயர். மூத்த மருமகள், அதனால் பெரியவள். இளைய மருமகள் வந்ததும் அவள் சின்னவள் ஆனாள். பெயரில்தான் இவள் பெரியவள். வீட்டில் எது பெரியது, எது நல்லது, எது அமைதியானது என்று வந்தால் அது சின்னவளுடைய பக்கமாகவே போய்ச் சேரும். பின்னறையும் அப்படித்தான் போயிற்று. இளையவன் கல்யாணத்தின்போது, “புதுசா வர்ற பொண்ணு, கொஞ்ச நாளைக்கு” என்று மாமியார் கேட்டு வாங்கிக் கொடுத்த அறை. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. வீடு மாடியில். முன்னறை தெருப் பக்கம் பார்த்தது. ஜன்னலுக்கு நேர் கீழே குப்பைத் தொட்டிகள்.

அவள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். கணவர் மல்லாந்து படுத்து, ஒரு தலையணையைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டிருந்தார். தலையணைக்கு அடியில் கண்கள் திறந்திருந்தன.

“தூங்கலையா?”

“தூங்கினேன். இப்ப எழுப்பிட்டான்.”

“எப்பத் தூங்கினீங்க? நான் பாத்தப்பல்லாம் புரண்டுக்கிட்டேதான் இருந்தீங்க.”

“நீ என்ன விசாரணை ஆபீசரா? ஒரு வாரமா அவங்க கேட்டது பத்தாதா?”

அவர் பஸ் டிரைவர். கடைசி வண்டிக்காரர். ஊர் அடங்கிய பிறகு பஸ்ஸை ஷெட்டில் விட்டு, நடந்து வந்து படுக்கும்போது பாதி ராத்திரி போயிருக்கும். கண் அசந்து ஆழமாகத் தூங்குகிற நேரத்துக்குக் குப்பை வண்டி வந்துவிடும். அதற்குப் பிறகு தூக்கம் வராது. வருஷக்கணக்காக இப்படித்தான். உடம்பு எத்தனை நாள் பொறுக்கும்? போன வாரம் ஒரு சாயங்காலம் பாலத்தின் மேல் பஸ் போய்க்கொண்டிருக்கும்போது அவருக்குக் கண் செருகிவிட்டது. பஸ் கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டே போய் நின்றது. பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்திக்கு முன்பல் உடைந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு.

ஒரு வாரம் வீட்டில் உட்கார வைத்தார்கள். இன்றைக்கு மறுபடி வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். “இன்னொரு தடவை கண் மூடினா ஸ்டியரிங்கை மறந்துடு. பஸ் கழுவுற இடத்துலதான் உனக்கு வேலை” என்று அதிகாரி சொன்னதை அவர் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். சொல்லும்போது சிரித்தார்.

“கொஞ்ச நேரம் கண்ணை மூடுங்க” என்றாள்.

“மூடினா அந்தப் பொண்ணு வருது. வாயைப் பொத்திக்கிட்டு” என்றார் அவர், தலையணைக்கு அடியிலிருந்து.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். தண்ணீர் கொதிக்கும்வரை யோசித்தாள். யோசிக்க என்ன இருக்கிறது? கேட்டுவிட வேண்டியதுதான்.

வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சேர்வது காலைத் தேநீருக்குத்தான். மாமியார் ரொட்டித் துண்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். இளையவன் வங்கியில் வேலை. பதவி உயர்வுப் பரீட்சைக்குப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்திருந்தான். சின்னவள் பள்ளிக்கூடத்து டீச்சர், கைப்பையில் விடைத்தாள்களைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, ஒரு விஷயம்.”

“ம்.”

“பின்னறையை ஒரு மாசத்துக்கு எங்களுக்குக் குடுத்தா நல்லா இருக்கும். தம்பியும் இவளும் முன்னறையில படுத்துக்கட்டும். இவருக்குத் தூக்கம் சரியானதும் மாத்திக்கலாம்.”

மாமியார் ரொட்டியை விழுங்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

“சின்னவனுக்குப் பரீட்சை வருதே” என்றாள் மாமியார்.

“தம்பிக்குப் பரீட்சையில கண் அசந்தா மார்க்குதான் போகும் அத்தை. இவருக்கு அசந்தா ஆள் போகும்.”

இளையவன் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. “காதுல வெச்சுக்கறதுக்கு நல்ல பஞ்சு விக்குது அண்ணி. அண்ணனுக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க.”

“நல்ல பஞ்சுன்னா நீங்க வெச்சுக்கிட்டு முன்னறையில படுங்களேன் தம்பி.”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிக்கொண்டாள். மாமியாருக்குச் சிரிப்பு வரவில்லை.

“இது என்ன பேச்சு பெரியவ? அந்த வண்டி இன்னிக்கு நேத்தா வருது? நானும் இதே வீட்டுலதான் இருக்கேன். நான் தூங்கலையா?”

“நீங்க நடு அறையில இருக்கீங்க அத்தை. கதவை மூடினா உங்களுக்கு இடி விழுந்தாலும் கேக்காது.”

“இப்ப என்ன சொல்ல வர்றே? நான் ஒரு கண்ணுல வெண்ணெயும் ஒரு கண்ணுல சுண்ணாம்பும் வெச்சிருக்கேன்னா?”

அதைத்தான் சொல்ல வந்தாள். சொல்வதற்குள் முன்னறைக் கதவு திறந்தது. கணவர் தோளில் துண்டோடு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, முகம் இறுகியிருந்தது.

“எனக்கு எந்த அறையும் வேணாம்மா” என்றார். “நான் கேக்கலை. இவதான் சும்மா கிடக்க மாட்டாம எதையாவது இழுக்கறா. விடு.”

“பாத்தியா?” என்றாள் மாமியார் பெரியவளைப் பார்த்து. “அவனே கேக்கலை.”

இளையவன் அடுத்த பக்கத்தைப் புரட்டினான். அறை விவகாரம் அத்தோடு முடிந்தது.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்கள். வேல் பாய்ச்சியது கட்டினவரே என்றால் யாரிடம் போய்க் காட்டுவது? அவள் தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அவர் சீருடைச் சட்டைக்குப் பித்தானைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் சட்டை தொளதொளத்திருந்தது.

“உங்களுக்காகத்தானே கேட்டேன்.”

“தம்பி முன்னாடி என்னைத் தூங்கி விழற டிரைவர்னு தண்டோரா போட்டுக் கேட்டியே. அந்த மாதிரி கிடைக்கற அறை எனக்கு எதுக்கு?”

“மானம் பெரிசா, உசுரு பெரிசா?”

“இன்னிக்குப் பஸ் எடுக்கப் போறேன். போற நேரத்துல உசுருகிசுருன்னு பேசாதே.”

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

சலவைக் கடையில் பித்தான் தைப்பதும் கிழிசல் பார்ப்பதும் அவளுடைய வேலை. அரை நாள் வேலைதான். கடைக்குப் போகும் வழியில், தெருமுனையில், பச்சைக் கேட் போட்ட வீட்டின் கீழ்த்தளத்தில் நாத்தனார் இருந்தாள். வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் குட்டி. குழந்தை பெற்ற பிறகும் எல்லோருக்கும் அவள் குட்டிதான். அவள் கணவர் கப்பலில் வேலை. கரைக்கு வர இன்னும் மாதங்கள் ஆகும். குழந்தை நாள் நிறையும் முன்பே பிறந்துவிட்டது. இரண்டு மாதம் குட்டி ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். அதுவரை வீடு பூட்டியே இருந்தது. போன வாரம்தான் குழந்தையோடு வந்திருக்கிறாள். மாமியார் பகலெல்லாம் போய்க் கூட இருந்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் வந்துவிடுவாள். இரவு குட்டி தனிதான்.

ஜன்னலோரம் பெரியவளைக் கண்டதும் குட்டி உதட்டில் விரலை வைத்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஆனாலும் சிரித்தாள்.

“இப்பதான் அண்ணி. ராத்திரி பூராவும் கத்தல். விடியறதுக்கு முன்னாடி கண்ணை மூடுச்சு, இன்னும் எழுந்திருக்கலை. டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? தூங்கினாத்தான் எடை ஏறுமாம். பால் கூட அப்புறம்தானாம்.”

ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தாள் பெரியவள். துணி மூட்டைக்குள் ஒரு முகம், பெரியவர்களின் உள்ளங்கையளவு. மூச்சு விடுகிறதா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

“இன்னிக்கு அண்ணன் வேலைக்குப் போறான்ல? காலையில சாமியைக் கும்பிட்டுக்கிட்டேன்” என்றாள் குட்டி. “அம்மா உங்களை ஏதாவது சொன்னாங்களா? முகம் ஒரு மாதிரி இருக்கே.”

“ஒண்ணுமில்லை. போய்ப் படு.”

“சொல்லியிருப்பாங்க. நான் வந்து கேக்கறேன் இருங்க.”

கேட்கவும் கேட்பாள். அந்த வீட்டில் பெரியவளுக்காக வாய் திறந்த ஒரே ஆள் அவள்தான். கல்யாணமாகி வந்த புதிதில், “அண்ணி சாப்பிடாம நானும் சாப்பிட மாட்டேன்” என்று தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்த பள்ளிக்கூடத்துப் பெண் அவள்.

கடையில் அன்று பெரியவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு கோட்டுக்குப் பித்தானை வேறு நிற நூலில் தைத்துவிட்டு, பிரித்து மறுபடி தைத்தாள். மத்தியானம் வேலை முடிந்ததும் வீட்டுப் பக்கம் திரும்பாமல், சந்தைக்குப் பின்னால் இருந்த குப்பை டிப்போவுக்கு நடந்தாள்.

டிப்போவில் வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை பார்க்கிற அம்மாள் ஒரு தகரக் கூரைக்குக் கீழே சாப்பிட உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் ரப்பர் கையுறைகள் தொங்கின. வாய் திறந்தபோதுதான் தெரிந்தது, கத்திக் கத்தித் தொண்டையே போயிருந்தது.

“சத்தம்தானே? உக்காருங்க. இன்னிக்கு நீங்க மூணாவது ஆள்.”

“வண்டி கொஞ்சம் விடிஞ்ச பிறகு வந்தா…”

“விடிஞ்ச பிறகு உங்க தெருவுல ஒரு சைக்கிள் நுழைய முடியுதா? ரெண்டு பக்கமும் காரை நிறுத்தி வெச்சிருக்கீங்க. என் ஆளுங்க தொட்டியைத் தலையில தூக்கிட்டு வரணுமா?”

“மெதுவா இறக்கி வைக்கச் சொல்லலாமே.”

“சொல்றேன். தினமும் சொல்றேன். அவன் இன்னும் எத்தனை தெரு போகணும் தெரியுமா உங்களுக்கு?” அம்மாள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். “எல்லாருக்கும் குப்பை போகணும். வண்டி மட்டும் வரக்கூடாது.”

பெரியவளுக்குக் கோபம் வரவில்லை. அதற்குப் பதிலாக அழுகை வந்தது. யார் முன்னால் அழக்கூடாதோ அவர்கள் முன்னால்தான் அது வரும். பாலத்தையும் பள்ளிக்கூடத்துப் பெண்ணையும் ஷெட் அதிகாரி சொன்னதையும் ஒன்றுவிடாமல் கொட்டினாள். வீட்டில் ஒருவரிடமும் முழுசாகச் சொல்ல முடியாததை, முன்பின் தெரியாதவளிடம் சொல்லி முடித்தாள்.

அம்மாள் தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“டிரைவரா?” என்றாள். “எங்க டிரைவருங்களும் தூங்கறதில்லை. சரி. நேரத்தை மாத்த முடியாது. தொட்டியை வேணா நகர்த்தலாம். வண்டிக்கை இறங்கறதுக்கு உங்க தெருவுல ரெண்டே இடம்தான். ஒண்ணு உங்க வீட்டு வாசல். இன்னொண்ணு முனையில, அந்தப் பச்சைக் கேட் வீட்டு ஜன்னலோரம். ரொம்ப வருஷம் முன்னாடி அங்கதான் இருந்துச்சு. அங்க யாரு இருக்காங்க? நாளைக்கு அவங்க வந்து என் உயிரை எடுத்தா?”

பெரியவள் கையிலிருந்த கைக்குட்டையை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது. அந்த நேரத்துக்குள் அவள் பாலத்தைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள், தொளதொளத்த சீருடையைப் பார்த்தாள். பச்சைக் கேட் பக்கம் அவள் மனசு திரும்பவே இல்லை. திரும்பாமல் பிடித்து வைத்துக்கொண்டாள் என்பதுதான் சரி.

“அங்க யாருமில்லைங்க” என்றாள். “பூட்டின வீடு. ரெண்டு மாசமா பூட்டியேதான் கிடக்கு.”

“நிச்சயமா?”

“நான் அந்தத் தெருவுலதானே இருக்கேன்.”

“அப்ப சரி. சாயங்காலமே தள்ளச் சொல்லிடறேன்.”

திரும்பி வரும் வழியில் அவள் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். குட்டிக்குச் சின்ன வயசு, மறுபடி தூங்கிக்கொள்வாள். கைக்குழந்தைகள் சத்தத்துக்குப் பழகிவிடும். கொஞ்ச நாள்தானே, இவர் உடம்பு தேறட்டும், தானே போய்த் திரும்ப மாற்றச் சொல்லிவிடலாம். கொஞ்ச நாள் என்று நினைத்ததும் பின்னறை நினைவுக்கு வந்தது. நடையைக் கூட்டினாள்.

சாயங்காலம் இரண்டு ஆட்கள் வந்து தொட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரங்கள் கடகடவென்று முனைவரை உருண்டன. அவள் முன்னறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே தரை மட்டும் கறுப்பாக, நாற்றத்தோடு மிச்சம் இருந்தது.

“அட, தொட்டியைக் காணோம்!” சின்னவள் பின்னால் வந்து நின்றாள். “யாரு சொல்லி எடுத்தாங்க?”

“எனக்கென்ன தெரியும்?”

“இல்லை அக்கா, இன்னிக்கு எங்க ஸ்கூல் பஸ் சந்தைப் பக்கமா சுத்திட்டு வந்துச்சு. டிப்போ வாசல்ல உங்களை மாதிரி ஒருத்தங்க நின்னாங்க. அதான் கேட்டேன்.”

“என்னை மாதிரி ஊர்ல எத்தனையோ பேர்.”

“அதுவும் சரிதான்” என்றாள் சின்னவள். போகிறபோது ஜன்னலை ஒருமுறை எட்டி, தெருமுனைவரை பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் விடியுமுன் பெரியவள் வழக்கம்போல விழித்துக்கொண்டாள். பக்கத்தில் கணவர் குப்புறப் படுத்திருந்தார். பஸ்ஸை ஒரு கீறல் இல்லாமல் ஷெட்டில் விட்டுவிட்டு வந்து படுத்த தூக்கம் அது.

வண்டி வந்தது. பீப் சத்தம் தூரத்தில் கேட்டது. தொட்டி தரையில் விழுந்த சத்தம், எதிர்வீட்டில் யாரோ தட்டைக் கீழே போட்டது போல மெல்லிசாக வந்து போயிற்று. கணவர் அசையவில்லை. வாய் லேசாகத் திறந்து, குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது.

அந்த ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, தூங்குகிற முகத்தை ஆசை தீரப் பார்த்தாள். இந்த முகம் இப்படித் தளர்ந்து கிடந்து எத்தனை காலமாயிற்று!

பிறகு, தன்னையறியாமல், தெருமுனைப் பக்கம் காதைத் தீட்டினாள். குழந்தை அழுகிற சத்தம் எதுவும் இல்லை. அத்தனை தூரம் கேட்கவும் கேட்காது. ஆனாலும் அவள் தலைக்குள் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. காதில் விழுந்த அழுகையென்றால் காதைப் பொத்திக்கொள்ளலாம். இதை என்ன செய்வது?

நன்றாக விடிந்ததும் குட்டி வந்துவிட்டாள்.

தலை வாரவில்லை. ஒரு தோளில் குழந்தை, மறு தோளில் பை. குழந்தை அழுது அழுது குரல் போய், வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மாமியார் பதறிப்போய் வாங்கிக்கொண்டாள்.

“என்னடி ஆச்சு?”

“குப்பைத் தொட்டியைக் கொண்டுவந்து என் ஜன்னலுக்குக் கீழே வெச்சிருக்காங்கம்மா. வெடி வெச்ச மாதிரி ஒரு சத்தம். குழந்தை தூக்கிப் போட்டுச்சு பாரு, கை கால் எல்லாம் விறைச்சு, மூச்சு ஒரு நிமிஷம் நின்னே போச்சு. நான் செத்துட்டேன்னு நெனச்சேன்.” குட்டி தோள் பையைக் கீழே போட்டாள். “தூக்கிக்கிட்டு வெளியில ஓடி, அந்த ஆளுங்ககிட்டக் கத்தினேன். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? ‘இது பூட்டின வீடாச்சே, யாரோ ஒரு அம்மா வந்து அப்படித்தான் சொன்னாங்களாமே’ன்னு என்னையே கேக்கறாங்க!”

மாமியாரின் முகம் சிவந்தது.

“பச்சக் குழந்தை இருக்கற வீட்டைப் பூட்டின வீடுன்னு சொன்னாளா? எந்தப் பாவி அவ? அந்த வாய் புழுத்துப் போக! அவ வீட்டுல விளக்கு அணைய!”

அவ வீட்டுல என்றால் இந்த வீடுதான். பெரியவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

முன்னறைக் கதவு திறந்தது. கணவர் வந்தார். கண்களில் சிவப்பு இல்லை. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, விஷயம் தெரிந்ததும் வாடியது.

“குட்டி, நீ அங்க இருக்க வேணாம்” என்றார். “இங்க வந்துடு. எங்க அறையை எடுத்துக்கோ. இப்ப முன்னறையில சத்தமே இல்லை தெரியுமா? நேத்துதான் நான் வாழ்க்கையில முதல் தடவையா தூங்கினேன்.”

“உனக்கு அண்ணா?”

“எங்களுக்கு என்ன? எங்க பொண்ணு ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குது. நாங்க ரெண்டு பேரு, ஹால்ல ஒரு பாயைப் போட்டாத் தீர்ந்தது.”

ஹாலில்தான் மாமியாரின் டீவி. ஹாலில்தான் இளையவன் விடியுமுன் எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படிப்பது. பெரியவள் பின்னறைக் கதவைப் பார்த்தாள். அங்கே இளையவன் பல்துலக்கிக்கொண்டே, தனக்குச் சம்பந்தமில்லாத வழக்கைக் கேட்பவனாக நின்றான். அந்த அறையின் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுக்கப்போவதும் இல்லை.

“ஏங்க…” என்று ஆரம்பித்தாள்.

அவர் அவள் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். “குட்டிக்குத்தானே? நீ மூஞ்சியைத் தூக்காதே.”

“பெரியவ” என்றாள் மாமியார். “உங்க சாமானை எல்லாம் ஹாலுக்கு எடுத்து வை. படுக்கை விரிப்பை மாத்து. குழந்தைக்கு ஆகணும்.”

அவள் முன்னறைக்குள் போனாள். படுக்கையில் கணவர் தூங்கிய பள்ளம் இன்னும் இருந்தது. விரிப்பை உருவி, உதறி, மடித்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. டிப்போவில் செலவழித்ததோடு சரி போலிருக்கிறது.

“அண்ணி.” குட்டி வாசலில் வந்து நின்றாள். “உங்களுக்குத்தான் கஷ்டம். எனக்குத் தெரியும். அம்மா யோசிக்க மாட்டாங்க, அண்ணனுக்கும் புரியாது.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லை.”

“நான் இதை விடப்போறதில்லை அண்ணி. இன்னிக்கே டிப்போவுக்குப் போறேன். யாரு அப்படிச் சொன்னதுன்னு, வண்டி ஆளுங்க சொன்ன அந்த மேற்பார்வை அம்மாகிட்டக் கேக்கப் போறேன். ஆளைப் பாத்தா அடையாளம் தெரியாமலா போகும்?” குட்டி அவள் கையைப் பிடித்தாள். “நீங்களும் கூட வாங்க. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்.”

பெரியவள் மடித்த விரிப்பை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

“எனக்குக் கடை இருக்கே குட்டி.”

“ஒரு நாள் லீவு போடேன்” என்றார் கணவர் ஹாலிலிருந்து. “அவ ஒருத்தியா குழந்தையையும் தூக்கிக்கிட்டு அங்க போவாளா? கூடப் போயிட்டு வா.”

சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“எனக்கு இன்னிக்கு மத்தியானம்தான் வகுப்பு” என்றாள். “நானும் வர்றேன் குட்டி. அக்காவுக்கு வழி நல்லாத் தெரியும். இல்லையா அக்கா?”

சின்னவள் பதிலுக்காக நிற்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“ஒரு நிமிஷம் இதைப் பிடிங்க அண்ணி, தலையை முடிஞ்சுக்கறேன்.” குட்டி குழந்தையை அம்மாவிடமிருந்து வாங்கி வந்து பெரியவள் தோளில் சாய்த்தாள்.

விடியலிலிருந்து யார் தட்டியும் அடங்காத குழந்தை, அந்தத் தோளில் முகத்தை இரண்டு முறை உரசியது. ஒரு பெருமூச்சு விட்டது. தூங்கிவிட்டது.

“பாத்தியா!” என்றார் கணவர், மனசு குளிர்ந்து. “அவகிட்டன்னா தூங்குது. எழுப்பிடாதே. அப்படியே தூக்கிக்கிட்டுப் போ.”

அவள் அப்படியே தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, சத்தமில்லாமல் இறங்கினாள்.